'நாலு பேர் என்ன சொல்வாங்க?' - மனசுக்கு உண்மையாக வாழ சைக்கோதெரபி எப்படி உதவும்? எடப்பாடியில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

"படிச்சது ஒண்ணு, பார்க்கிறது ஒண்ணு, மனசுல இருக்கிறது வேற ஒண்ணு..." இப்படி நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் எடப்பாடி மாதிரி விசைத்தறியும் விவசாயமும் குடும்பத் தொழிலாக இருக்கும் ஊர்களில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தொழில், குடும்பம், சொந்தபந்தம் மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். "எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்" என்று ஒரு மகன் சொன்னால், அப்பாவையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அதனால் பலர் வாயைத் திறப்பதே இல்லை. அது தூக்கமின்மை, எரிச்சல், காரணம் தெரியாத தலைவலி, குடிப்பழக்கம் என்று வேறு ரூபத்தில் வெளியே வரலாம். இந்த இடத்தில் சைக்கோதெரபி என்ன செய்யும்? விரிவாகப் பார்க்கலாம்.

சைக்கோதெரபி என்றால் என்ன?

மாத்திரை, ஊசி இல்லாமல் பேச்சு மூலமாக நடக்கும் சிகிச்சை இது. பயிற்சி பெற்ற ஒருவருடன், பெரும்பாலும் வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை பேச வேண்டியிருக்கும். 'லூசு'களுக்குத்தான் இது என்பது தவறான எண்ணம். மனநோய் எதுவும் இல்லாதவர்களும் போகலாம்.

இது அட்வைஸ் கிடையாது. அட்வைஸ் சொல்ல மாமா, சித்தப்பா, டீக்கடை நண்பர் எல்லோரும் இருக்கிறார்கள். "இதைச் செய்" என்று அவர்கள் சொல்வார்கள். தெரபிஸ்ட், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருப்பார்.

'நிஜ முகம்', 'ஊருக்குக் காட்டும் முகம்'

பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1960ல் இதைப் பற்றி எழுதினார். பெரியவர்களுக்குப் பிடித்த மாதிரி நடந்தால்தான் அன்பு கிடைக்கும் என்று ஒரு குழந்தை கற்றுக்கொண்டால், அது ஒரு 'பொய்யான சுயத்தை' உருவாக்கிக்கொள்ளும் என்றார். அது ஏமாற்று வேலை அல்ல, உள்ளே இருக்கும் உண்மையான சுயத்தைப் பாதுகாக்கும் கவசம். ஆனால் அந்தக் கவசத்தையே 'நான்' என்று நம்பிவிட்டால், எதிலும் உயிர்ப்பு இல்லாத மாதிரி தோன்றும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1961ல் வெளியிட்ட 'ஆன் பிகமிங் எ பெர்சன்' நூலில், தெரபியில் முன்னேறுபவர்களிடம் தான் கண்ட மாற்றத்தை விவரித்தார். 'இப்படித்தான் இருக்கணும்' என்ற கட்டாயத்திலிருந்தும், மற்றவர்களைத் திருப்திப்படுத்தும் ஓட்டத்திலிருந்தும் அவர்கள் மெல்ல விலகுகிறார்கள் என்பது அதில் முக்கியமானது. இதற்குத் தெரபிஸ்ட்டிடம் மூன்று குணங்கள் வேண்டும் என்றார்: எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று புரிந்துகொள்வது, நிபந்தனை போடாமல் மதிப்பது, தானும் வேஷம் போடாமல் இருப்பது.

அறைக்குள் என்ன நடக்கும்?

ஒரு கற்பனை உதாரணம். எடப்பாடியைச் சேர்ந்த 32 வயது இளைஞர். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஆறு வருஷமாக அப்பாவின் தறிப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். ராத்திரி தூக்கம் வருவதில்லை.

"தறியை எல்லாம் வித்துட்டு எங்கயாவது போயிடலாம்னு தோணுதுங்க. ஆனா அப்பா தாங்க மாட்டாரு."

"அப்பா அப்படிச் சொன்னாருங்களா?"

"இல்லீங்க... நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்."

இந்த ஒரு பதிலே பெரிய விஷயம். அப்பா சொன்னது எது, தான் பயந்தது எது என்று முதல் முறையாக அவர் பிரித்துப் பார்க்கிறார். அடுத்தடுத்த வாரங்களில் பட்டறையில் எது பிடிக்கவில்லை என்று பேசுகிறார்கள். மிஷினைப் பிரித்து ரிப்பேர் பார்ப்பது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். தொழிலாளிகளுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதுதான் உடம்பெல்லாம் கூசுகிறது. ஆக, தறியை விற்பதா வேண்டாமா என்பது அவருடைய உண்மையான கேள்வியே இல்லை!

பிறகு ஒரு சின்னப் பரிசோதனை. "அட்வான்ஸ் கணக்கு நான் பார்க்கலைப்பா, மிஷின் வேலையைப் பூரா நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கிறார். அப்பா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அந்த அனுபவத்தையும் அடுத்த வாரம் பேசுகிறார்கள். தெரபி பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்ன அடிகளாகத்தான் நகரும்.

அப்படியென்றால் வீட்டை எதிர்க்கணுமா?

அவசியம் இல்லை. மனசுக்கு உண்மையாக வாழ்வது என்பது நினைத்ததை எல்லாம் முகத்துக்கு நேரே சொல்வதோ, பொறுப்பை உதறுவதோ அல்ல. எல்லாம் பேசி முடித்த பிறகு, "இந்தத் தொழிலையே தொடர்கிறேன்" என்று ஒருவர் முடிவு எடுக்கலாம். வேறு வழியில்லாமல் இருப்பதற்கும், தெரிந்தே தேர்ந்தெடுத்து இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

சில வீடுகளில் உண்மையைச் சொல்வது ஆபத்தாகவும் முடியலாம். அடி, மிரட்டல், வீட்டுக்காவல் என்ற நிலை இருந்தால் பாதுகாப்புதான் முதல் வேலை. நல்ல தெரபிஸ்ட் அவசரப்படுத்த மாட்டார். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

'பையனை மாத்திக் கொடுங்க' என்று கேட்கலாமா?

மகன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், மகள் டாக்டருக்குப் படிக்க மாட்டேன் என்கிறாள் என்று 'மாற்றித் தர' சொல்லிக் கூட்டி வரும் பெற்றோர் உண்டு. அது தெரபியின் வேலை அல்ல.

இதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று முக்கியமானது. ஒருவரையொருவர் விரும்பிய, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஓர் உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து பேசினார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவில், பாலின ஈர்ப்பை மருத்துவ ரீதியாக 'குணப்படுத்தும்', மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அதாவது, ஒருவரை அடுத்தவர் விருப்பத்துக்கு ஏற்ப வளைப்பதற்குச் சிகிச்சையைப் பயன்படுத்தக் கூடாது.

ஊருக்குத் தெரிஞ்சிடுமா?

சின்ன ஊர்களில் எழும் பெரிய பயம் இதுதான். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. "நான் சொல்றதை வீட்டுல சொல்லுவீங்களா?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பே இல்லை.

எடப்பாடியில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

* 14416: மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் போகத் தயங்குபவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

* அரசு மருத்துவமனை: மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு எந்த நாளில், எங்கே வருகிறது என்று எடப்பாடி அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

* சேலம்: அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்.

தனியாரிடம் போவதாக இருந்தால் தகுதியைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். "மூணே நாளில் சரி பண்றேன்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. சில வாரம் போயும் அந்த நபரிடம் மனம் திறந்து பேச முடியவில்லை என்றால், வேறு ஒருவரை மாற்றிப் பார்க்கலாம்.

கவனிக்க: வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லாமல் இருந்தால், பேச்சு சிகிச்சை மட்டும் போதும் என்று இருக்க வேண்டாம், மருத்துவரையும் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிஷம் கூடத் தள்ளிப்போடாமல் 14416 அல்லது தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணை அழையுங்கள்.