பிராணாயாமம் (உளமருத்துவத் துணைச் சிகிச்சை)

மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு ஆகியவற்றுக்கு மருந்து உண்போருக்கு, அம்மருந்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் யோக மூச்சுப் பயிற்சி.

மூச்சும் மனமும் ஒன்றையொன்று பற்றி நிற்பதை முன்னோர் நுட்பமாகக் கண்டிருந்தனர். மனம் சிதறும்போது துன்பம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு ஆகிய நான்கும் உடன்வரும் என்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம். பதற்ற நோயாளியிடம் இன்றைய மருத்துவர் காணும் குறிகளும் இவையே. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அளவையே வகுத்துத் தந்தார்: பூரகம் (மூச்சை இழுத்தல்) 16 மாத்திரை நேரம், கும்பகம் (அடக்குதல்) 64, ரேசகம் (விடுதல்) 32. இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் விடும் இம்முறை நோயாளிகளுக்கும் ஏற்றது. நெடிய கும்பகம் மட்டும் அவர்களுக்கு ஆகாது.

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை கும்பகத்தை எட்டாகப் பிரிக்கிறது: சூரியபேதனம், உஜ்ஜாயி, சீத்காரி, சீதளி, பஸ்திரிகா, பிராமரி, மூர்ச்சை, பிலாவினி. வண்டின் ரீங்காரம்போல் ஒலியெழுப்பி மூச்சை விடும் பிராமரி, பதற்றமுற்றோர்க்கு எளிது. மயக்கநிலையை நாடும் மூர்ச்சையை அவர்கள் அணுகவே கூடாது. வேகமாக மூச்சை விடும் கபாலபாதி இப்பட்டியலில் இல்லை. அது ஆறு சுத்திக் கிரியைகளுள் ஒன்று, பிராணாயாமம் அன்று. முறைதவறிய பயிற்சியால் விக்கலும் இரைப்பும் தலைநோயும் வரும் என்று எச்சரிப்பதும் இந்நூலே.

1924இல் குவலயானந்தர் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். உளமருத்துவத்தில் பெரிதும் பேசப்படுவது பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு. கடும் மனச்சோர்வால் மருத்துவமனையில் சேர்ந்த 45 பேரை மூன்று குழுவாக்கி, நான்கு வாரம் ஒரு குழுவுக்கு மின்னதிர்வுச் சிகிச்சையும், ஒன்றுக்கு இமிப்ரமின் மருந்தும், மற்றதற்குச் சுதர்சன கிரியா என்னும் மூச்சுப் பயிற்சியும் அளித்தனர். நோய் தணிந்தோர் முறையே 93, 73, 67 விழுக்காட்டினர். மூச்சுப் பயிற்சி மருந்தையொட்டியே நின்றது பெருமைக்குரியது. ஆயினும் குழுவுக்குப் பதினைவரே. அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில். வீட்டில் ஒருவர் தம் மருந்தை நிறுத்த இதைச் சான்றாகக் கொள்வது தீங்கு.

நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மூச்சு மெதுவாகும்போது வேகஸ் நரம்பின் செயல் ஓங்கி, இதயத்துடிப்பு தணிகிறது. வேகமூச்சில் இரத்தத்தின் கரியமில வாயு குறைவதால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம். வலிப்பு நோயாளிகளும் பித்துநிலையில் இருப்போரும் வேகமூச்சுப் பயிற்சியான பஸ்திரிகாவைத் தவிர்க்க வேண்டும்.

நிம்ஹான்ஸில் இப்போது ஒருங்கிணைந்த மருத்துவத்துக்கெனத் தனித் துறை இயங்குகிறது.