விண்கப்பலில் ஒரு லயம்

தரம் ஐந்து பிள்ளைகளிடம் ஒருநாள் விண்கப்பல் வரையச் சொன்னேன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் பையன் நீளமாக ஒன்றை வரைந்து, அதை வரிசையாக அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஓர் இஸ்தோப்பும் வைத்திருந்தான். தலைப்பக்கத்தில் மட்டும் கண்ணாடி ஜன்னல்கள்.

"அது யாருக்குடா?"

"தொரைக்கு சேர்."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், கற்பனைக் கப்பல்களின் வரலாறும் ஏறக்குறைய அவன் வரைந்தபடிதான் இருக்கிறது.

1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய திரைப்படம் 1968இல் வெளிவந்தது. அதில் டிஸ்கவரி கப்பலில் ஐவர். விழித்திருக்கும் இருவருக்கும் சுழலும் சக்கரமொன்றே வீடு. அந்தச் சுழற்சியால்தான் கால் தரையில் பாவும். படப்பிடிப்புக்காக 38 அடி விட்டமுள்ள சக்கரத்தை விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ரோங் கம்பனி உண்மையாகவே கட்டிக்கொடுத்தது. மற்ற மூவரும் பெட்டிகளுக்குள் நீள் உறக்கத்தில். அவர்களது மூச்சு கணினியின் கையில் இருந்தது. அது பகையானபோது படுத்த இடத்திலேயே மாண்டார்கள்.

1979இல் வந்த 'ஏலியன்' படத்தில் எழுவர். கீழே இயந்திரங்களோடு கிடக்கும் பார்க்கரும் பிரெட்டும் மேலேயுள்ளவர்களுக்குக் கிடைக்கும் முழுப் பங்கு தங்களுக்கு இல்லையென்று முறையிட்டுக்கொண்டே இருப்பார்கள். பெயர்ப் பதிவு நாளில் தோட்டத்தில் கேட்கும் குரல்தான்! 2020இல் தொடங்கிய 'லோவர் டெக்ஸ்' கார்ட்டூனிலோ இளநிலை அதிகாரிகளுக்கு அறையே கிடையாது; நடைபாதைச் சுவரில் அடுக்குப் படுக்கை.

கோப்பிக் காலத்தில் தொடங்கிய நமது லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா. அடுப்பும் அதற்குள், பாயும் அதற்குள், பிள்ளைப்பேறும் அதற்குள். துரை பங்களா மேட்டில். இதெல்லாம் நாம் அறிந்ததே. அறையின் அளவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அது நிற்கும் இடம்.

1987இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரின் எண்டர்பிரைஸில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், குடும்பங்களோடு வாழ்கிறார்கள். பாடசாலையும் உண்டு. ஆபத்து வருமுன் தட்டுப் போன்ற மேற்பகுதி குடும்பங்களோடு தனியே கழன்று விலகிப் போக முடியும். கப்பலைக் கற்பனை செய்தவர்களுக்கு அந்த யோசனை இருந்திருக்கிறது.

நமது பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரியக்கூடுமென 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். லயங்கள் அங்கேயே இருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் இறங்கி அவற்றை மூடியது. நேரத்தோடு பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.