அரபு நாடுகளில் போலந்துக் கட்டிடக் கலைஞர்கள்

1960களிலிருந்து 1980கள் வரை ஈராக், சிரியா, லிபியா, குவைத் முதலிய அரபு நாடுகளின் நகரத் திட்டங்களிலும் பொதுக் கட்டிடங்களிலும் போலந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர்கள் பெரும் பங்காற்றினர்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரில் வார்சா நகரின் பெரும்பகுதி தரைமட்டமானது. அதனை மீண்டும் கட்டியெழுப்பியதிலும், 1949 முதல் கிராகோவ் அருகே நோவா ஹூத்தா என்னும் புதிய எஃகு நகரை அமைத்ததிலும் போலந்து வல்லுநர்கள் பெற்ற அனுபவம் பெரிது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு அத்தகைய வல்லுநர்கள் தேவைப்பட்டனர்; போலந்து அரசுக்கோ அன்னியச் செலாவணி தேவைப்பட்டது. போல்சர்வீஸ் என்ற அரசு வணிக நிறுவனம் இவ்விரு தேவைகளையும் இணைத்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் பணிகள் மேலும் பெருகின.

பாக்தாத் திட்டம்

1958ஆம் ஆண்டுப் புரட்சியில் ஈராக்கின் மன்னராட்சி வீழ்ந்தது. அதற்கு முன் பிரித்தானிய நிறுவனமும் கிரேக்கரான டாக்சியாடிசும் பாக்தாத்துக்குத் திட்டங்கள் வரைந்திருந்தனர். பின்னர் அப்பணி கிராகோவின் மியாஸ்தோப்ரொயெக்ட் நிறுவனத்திடம் வந்தது. நோவா ஹூத்தாவின் தலைமைக் கட்டிடக் கலைஞர் ததேயுஷ் ப்தாஷித்ஸ்கி இந்நிறுவனத்தை வழிநடத்தியவர். 1967இல் முதன்மைத் திட்டம் உருவானது. 1973இல் அது 2000ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு திருத்தப்பட்டது. 1976 முதல் 1980 வரை ஈராக் முழுமைக்குமான வீட்டுவசதித் திட்டத்தையும் இந்நிறுவனமே வகுத்தது.

குளிர்நாட்டில் பழகியவர்களுக்கு இது புதிய பாடம். போலந்தில் வீட்டுக்குள் வெயிலை வரவழைப்பது திறமை. பாக்தாத்தில் வெயிலைத் தடுப்பதே திறமை. நடுமுற்றம் கொண்ட மரபு வீடுகள் நிழலையும் குடும்பத்தின் தனிமையையும் ஒருசேரக் காத்ததை அவர்கள் அங்கேதான் கற்றனர்.

பிற நாடுகள்

லிபியாவின் திரிப்போலி வட்டாரத் திட்டப் பணியில் போல்சர்வீஸ் ஈடுபட்டது. சிரியாவின் லத்தாக்கியாவில் 1987ஆம் ஆண்டு மத்தியதரைக்கடல் விளையாட்டுகள் நடந்த வளாகத்தை வோய்ச்செக் ஸப்வோத்ஸ்கி வடிவமைத்தார். இவர் 1956, 1960, 1964 ஒலிம்பிக்குகளில் வாள்வீச்சில் பதக்கம் வென்ற அணிகளில் இடம்பெற்ற வீரருமாவார். வ்ரோத்ஸ்வாப் நகரின் வோய்ச்செக் யஷோம்பெக், எத்வர்த் லாஹ் ஆகியோர் குவைத்தில் பணியாற்றினர்.

விளைவுகள்

1980இல் தொடங்கிய ஈரான்–ஈராக் போர் ஈராக்கின் பெரும் கட்டுமானத் திட்டங்களைப் பாதித்தது. 1990இல் குவைத் மீதான படையெடுப்பு அங்கும் பணிகளைக் குலைத்தது. நாடு திரும்பியவர்கள் தாம் கற்ற புதிய பாணிகளைப் போலந்துக்குக் கொண்டு சென்றனர். யஷோம்பெக் வ்ரோத்ஸ்வாபில் வடிவமைத்த, வண்ணமயமான சோல்போல் அங்காடி 1993இல் திறக்கப்பட்டு 2022இல் இடிக்கப்பட்டது.

நிறுவனத்தின் பெயரில் வேலை செய்ததால் பல கலைஞர்களின் பெயர்கள் வரலாற்றில் நெடுங்காலம் மறைந்திருந்தன. அண்மைக்கால ஆய்வுகளே அவற்றை வெளிக்கொணர்ந்து வருகின்றன. நவீனக் கட்டிடக்கலை மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மட்டுமே அரபு நாடுகளுக்குச் சென்றது என்னும் கருத்து முழுமையானதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.