வேலி இடுக்கில் ஒரு சீசா

சீசா ஆட இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையில் ஆள் இல்லாவிட்டால் அது சாய்ந்து கிடக்கும் வெறும் கட்டை. ரொனால்ட் ராயெலும் வர்ஜீனியா சான் ஃபிராட்டெல்லோவும் 2009-இல் யோசித்த சீசாவுக்கு எதிர்முனை வேறொரு நாட்டில் இருந்தது. நடுவில் அமெரிக்க–மெக்சிகோ எல்லை வேலி. ராயெல் பெர்க்லியில் கட்டடக்கலைப் பேராசிரியர். சான் ஃபிராட்டெல்லோ சான் ஹோசேயில் வடிவமைப்புப் பேராசிரியர்.

முதலில் அது ஒரு குறும்புப் படம்தான். வேலியைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன், வேலியோரத்தில் பரிட்டோ விற்கும் கடை, இருபுறத்தாரும் படிக்க ஒரு நூலகம் என்று கூடவே இன்னும் பல. 2017-இல் ராயெல் இவற்றைப் புத்தகமாக்கினார். இந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் புத்தகத்தோடு நின்றுவிடும்.

சீசா நிற்கவில்லை. மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸ் நகரத்து இரும்புப் பட்டறையில் மூன்று சீசாக்கள் உருவாயின. பளிச்சென்ற இளஞ்சிவப்பு வண்ணம். குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று பூசியதல்ல. அந்த ஊரில் 1990-களிலிருந்து கொலையுண்ட நூற்றுக்கணக்கான பெண்களின் நினைவாக வைக்கப்படும் சிலுவைகளின் நிறம் அது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேலியின் இடுக்கு. இரும்புத் தூண்களுக்கு நடுவே கை நுழையும், ஆள் நுழைய முடியாது. மறுபுறம் யார் வருகிறார்கள் என்று காவலர் பார்ப்பதற்காக விட்ட சந்து. 2019 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, நியூ மெக்சிகோவின் சன்லாண்ட் பார்க்கில் அந்தச் சந்துக்குள் உத்திரத்தைச் செருகினார்கள். அந்தப் பக்கம் அனாப்ரா குடியிருப்பு. கொலெக்திவோ சொபெகே என்ற உள்ளூர்க் குழு துணைக்கு நின்றது. இங்கே ஒரு சிறுமி தரையைக் காலால் உந்த, அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் கீழே இறங்குகிறாள். அவள் உந்த, இவள் இறங்குகிறாள். பெரியவர்களும் வெட்கப்படாமல் ஏறி ஆடினார்கள். பிரிப்பதற்காக நட்ட தூண்களே உத்திரத்துக்குத் தாங்குபுள்ளி.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கழற்றிவிட்டார்கள். வீடியோ மட்டும் உலகம் சுற்றியது. ஆறு நாள் கழித்து, பக்கத்து ஊரான எல் பாசோவில் மெக்சிகோ வம்சாவளியினரைக் குறிவைத்து ஒருவன் சுட்டதில் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்த வாரம் இரண்டு செய்திகளும் ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தன.

2021 ஜனவரியில் லண்டன் டிசைன் மியூசியம், 2020-இன் சிறந்த வடிவமைப்புக்கான பீஸ்லி விருதை இந்தச் சீசாவுக்கு அளித்தது. சன்லாண்ட் பார்க் வேலியில் அந்த இடுக்கு காலியாகி அப்போது ஒன்றரை வருஷம்.