எலெக்டிவ்: செஞ்சி வட்டார மருத்துவ மாணவரும் அறுவைத் துறைத் தேர்வும்

எம்.பி.பி.எஸ். மாணவர் தான் பயிற்சி பெறும் துறையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குறுகிய காலத்துக்கு எலெக்டிவ் என்று பெயர். மற்ற வார்டுப் பணிகளெல்லாம் அட்டவணைப்படி வந்து சேரும். இது ஒன்றுதான் மாணவர் வாயால் கேட்டு வாங்குவது. எலும்பு, நரம்பு, ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக் சர்ஜரி), சிறுநீரகவியல் என அறுவைத் துறைகளில் ஒன்றின் மேல் கண் வைத்திருப்பவருக்கு அந்தச் சில நாட்களை எங்கே செலவழிப்பது என்பது பெரிய கேள்வி.

செஞ்சியில் மருத்துவக் கல்லூரி இல்லை. ஊரின் மருத்துவத் தேவைக்கு இருப்பது அரசு மருத்துவமனை. கை மீறினால் மேல்சிகிச்சைக்கு வெளியூர் போக வேண்டும். 2010-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. இன்னொரு திசையில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. புதுச்சேரி ஜிப்மர் சற்றுத் தள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குப் பிறகு, வீட்டில் முதல் பட்டதாரியாக மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இத்தகைய ஊர்களிலும் வழி திறந்தது. அவர்களுக்கு எந்த யூனிட்டில் சேரலாம் என்று வழி சொல்ல வீட்டில் டாக்டர் மாமாவோ சித்தப்பாவோ இருப்பது அரிது.

விதிகள் அதிகமில்லை. 2019-இல் சேர்ந்தவர்களுக்கான புதிய பாடத்திட்டம்தான் எலெக்டிவைக் கட்டாயமாக்கியது. அப்போது இரண்டு மாதம், தலா நான்கு வாரமாக இரு பகுதி. 2023-இன் விதிமுறை அதைத் தலா 15 நாளாகச் சுருக்கிவிட்டது. மூன்றாம் கட்டப் படிப்பின் முதல் பகுதித் தேர்வு முடிந்து இறுதிப் பகுதி தொடங்கும் முன் இது வரும். முதல் 15 நாள் உடற்கூறியல், நோய்க்குறியியல் போன்ற அடிப்படைத் துறையில் அல்லது நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியில். அடுத்த 15 நாள் நோயாளிகளைப் பார்க்கும் துறையில். கல்லூரி வெளியிடும் பட்டியலுக்குள்தான் தேர்வு. கேஷுவாலிட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, ஏன், கிராமப்புறக் கிளினிக்கும் அதில் இடம்பெறலாம். 75 சதவீத வருகையும் லாக் புக்கும் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. விடுபட்ட வார்டுப் பணியை ஈடுகட்ட இந்நாட்களைப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை.

இணையத்தில் எலெக்டிவ் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்க மாணவருக்கானது. அங்கே எலும்பியலோ நரம்பு அறுவையோ வேண்டுமென்றால், சேர விரும்பும் மருத்துவமனைக்கே இறுதியாண்டில் போய்ச் சில வாரம் வேலை செய்து, அங்குள்ள பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வாங்க வேண்டும். 2022 ஜனவரி முதல் அவர்களின் முதற்கட்ட உரிமத் தேர்வு மதிப்பெண்ணை விட்டுவிட்டு வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாறியதால் நேரில் பார்த்தவர் தரும் கடிதத்தின் எடை இன்னும் கூடியது. அங்கே எலெக்டிவ் என்பது ஒரு மாதம் நீளும் நேர்முகத் தேர்வு. இங்கே முதுநிலை இடத்தைத் தீர்மானிப்பது நீட் பி.ஜி.யின் 200 கேள்விகள். எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. யூனிட் சீஃப் எவ்வளவு மெச்சினாலும் தரவரிசையில் ஓர் இடம்கூட முன்னேற முடியாது.

அப்படியென்றால் இது வீண்தானே என்று பல மாணவர்கள் முடிவுகட்டி, கெடுபிடியில்லாத துறையாகப் பார்த்துச் சேர்ந்து அந்த நாட்களில் நீட் வகுப்புப் பாடங்களைப் படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரியும் ஓடும். யாரையும் கவர வேண்டிய கட்டாயம் இல்லாததால், இந்திய மாணவருக்கு எலெக்டிவ் ஒரு கலப்படமில்லாத சோதனை: இந்த வேலையை முப்பது வருடம் என்னால் செய்ய முடியுமா? பொது அறுவையில் எம்.எஸ். மூன்று ஆண்டு, அதன்மேல் உயர்சிறப்புப் படிப்பான எம்.சிஎச். இன்னும் மூன்று, நரம்பு அறுவையில் நேரடியாகச் சேர்ந்தாலும் ஆறு. அவ்வளவு நீண்ட சாலையில் இறங்கும் முன் 15 நாள் ஒத்திகை மலிவான பேரம்.

அந்த 15 நாளுக்குள் என்ன பார்க்கலாம் என்பது துறைக்குத் துறை மாறும். அரசு மருத்துவமனை யூனிட்டில் புறநோயாளிகள் நாள், அட்மிஷன் நாள், தியேட்டர் நாள் என வாரச் சக்கரம் சுழலும். இரண்டு சுற்று கிடைக்கும். குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக்கோ முதல் வாரம் படுக்கையில் சேர்ந்தவர், தையல் பிரித்து வீட்டுக்குப் போவதை இரண்டாம் வாரம் பார்த்துவிடலாம். தலைக்காயத்துக்கு அறுவை செய்துகொண்டவர் பேச்சும் நடையும் திரும்பப் பெறுவதை இந்தக் கெடுவுக்குள் பார்க்க முடியாது. அதனால் நரம்பு அறுவையை விரும்புபவர் தியேட்டர் வாசலில் நிற்பதைவிட, அறுவைக்குப் பின்னான தீவிர சிகிச்சைப் பிரிவையும் பழைய நோயாளிகள் திரும்பி வரும் புறநோயாளிப் பிரிவையும் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். தியேட்டரில் மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்களின் முதுகுக் காட்சிதான்.

முதல் பகுதியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. தவறு. உடற்கூறியல் மேசையில் கையின் தசைநாண்களை மறுபடி அறுத்துப் பார்க்கவும், அறுவையில் எடுத்த கட்டி நோய்க்குறியியல் கூடத்தில் என்னவாகிறது என்று பார்க்கவும் இதுபோல் இன்னொரு வாய்ப்பு எளிதில் வராது.

விரும்பிய துறைக்கு வெளியே போய்த் துறையைக் கண்டெடுத்தவருக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் படித்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை கற்பிக்க வந்தவர் பால் பிராண்ட். அடுத்த சில மாதங்களுக்குள், தொழுநோய் அறிஞர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே விரல்கள் மடங்கிச் செயலற்றதாகத் தோன்றிய ஒரு கை, அவர் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தது. சில தசைகள் செத்துவிட்டன, சில முழு வலுவோடு இருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்துச் செத்ததன் வேலையைக் கொடுத்தால் என்ன? அந்தக் கேள்வியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை வேலூரில் வளர்ந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் கைக்கென்றே தனி அறுவை நிலையம் இருக்கிறது. கல்லூரிப் பட்டியல் இடம் கொடுத்தால், கை அறுவையை விரும்பும் விழுப்புரம் மாணவர் தொலைவில் தேட வேண்டியதில்லை.

போட்டி என்ற சொல்லும் இங்கே வேறு கணக்கில் நடக்கிறது. அமெரிக்காவில் ஒட்டுறுப்பும் நரம்பு அறுவையும் எலும்பியலும் உச்சம். நீட் பி.ஜி.யின் முன்னணித் தரவரிசைக்காரர்களோ கதிரியக்கம், தோல், பொது மருத்துவம் என்று அள்ளிக்கொள்கிறார்கள். எம்.சிஎச். கலந்தாய்வில் குடல் அறுவைக்கும் சிறுநீரகவியலுக்கும் கூட்டம். இதய அறுவையிலும் குழந்தை அறுவையிலும் இடங்கள் காலியாகக் கிடப்பது தொடர்ந்து செய்தியாகிறது. ஆகவே துறையின் பளபளப்பைவிட, அங்குள்ள பி.ஜி. மருத்துவர்கள் இரவு எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறார்கள் என்பதை எலெக்டிவில் கவனிப்பவரே அதிகம் கற்பவர்.

கிராமப்புறக் கிளினிக் என்ற வாய்ப்பைக் கல்லூரி பட்டியலில் வைத்திருந்தால், செஞ்சி பக்கத்து மாணவர் சொந்த வட்டாரத்துக்கே திரும்பலாம். திண்டிவனம் – திருவண்ணாமலை நெடுஞ்சாலை ஊருக்குள் வருகிறது. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வைத்தது. பெரிய மருத்துவமனையின் தியேட்டருக்கு வரும் உடைந்த தொடை எலும்பு, அதற்கு முன் சிறிய ஊரில் எப்படிக் கட்டப்பட்டது, ரத்தப்போக்கு எப்படி நிறுத்தப்பட்டது, ஆம்புலன்ஸில் ஏற எவ்வளவு நேரம் ஆனது என்பதை எலும்பியல் பி.ஜி.க்கள் பலர் நேரில் பார்த்ததே இல்லை.

அதே கிராமப்புறச் சாலை இன்னொரு வகையிலும் அறுவைத் துறைக்குப் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களிலும் 50 சதவீதத்தைப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கி ஆணையிட்டது. வழக்குகளுக்குப் பின் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுக் கலந்தாய்வை இந்த ஒதுக்கீட்டோடு நடத்த அனுமதித்தது. கிராமத்தில் இரண்டு, மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டுப் பிறகு எம்.எஸ். சேரும் எண்ணமுள்ளவருக்கு, எந்தத் தாலுகா மருத்துவமனையில் தியேட்டர் உண்மையிலேயே இயங்குகிறது, மயக்க மருத்துவர் எத்தனை நாள் வருகிறார் என்று தெரிந்துகொள்ளவும் அந்த 15 நாள் பயன்படும்.