ரிம் மாத்தப் போறீங்களா? 'ஆஃப்செட்' எண்ணை முதல்ல பாருங்க

காருக்குப் புது ரிம் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது வடிவம், நிறம், அங்குலம். "15-லேர்ந்து 16-க்குப் போலாமா?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

ஆனால் அந்த ரிம் காரில் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது இன்னொரு சின்ன எண். அதுதான் ஆஃப்செட்.

அதைக் கவனிக்காமல் வாங்கினால் டயர் மட்கார்டில் உரசலாம். உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் இடிக்கலாம். வாகனப் பரிசோதனையில் கார் தேறாமலும் போகலாம்.

ஆஃப்செட்னா என்ன?

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு கோடு போடுவதாக நினைச்சுக்குங்க. அது ரிம்மின் நடுக்கோடு.

ரிம்மில் ஒரு தட்டையான பரப்பு இருக்கும். நட்டுகளை முறுக்கும்போது அந்தப் பரப்புதான் காரின் 'ஹப்' மீது அழுந்தி உட்காரும்.

நடுக்கோட்டுக்கும் அந்தப் பரப்புக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். அதை மில்லிமீட்டரில் சொல்வார்கள்.

• பாசிட்டிவ்: தட்டைப் பரப்பு நடுக்கோட்டைவிட வெளிப்பக்கமாக இருக்கும். சாலையில் ஓடும் பெரும்பாலான கார்கள் இந்த வகை.
• ஸீரோ: பரப்பு சரியாக நடுக்கோட்டில் இருக்கும்.
• நெகட்டிவ்: பரப்பு உள்பக்கமாக இருக்கும். சக்கரம் நன்றாக வெளியே தள்ளி நிற்கும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும். எண் குறைந்தால் வெளியே வரும்.

எங்கே எழுதியிருக்கும்?

பெரும்பாலும் ரிம்மின் பின்பக்கத்தில். காரில் மாட்டியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. கழற்றிப் பார்த்தால் "16 × 6ஜே ஈடி 45" போன்ற குறிப்பு இருக்கும்.

16 என்பது ரிம்மின் விட்டம். 6 என்பது அகலம். இரண்டும் அங்குலக் கணக்கு. 45 என்பது ஆஃப்செட். அது மில்லிமீட்டர் கணக்கு. 'ஈடி' என்பது ஆஃப்செட்டைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். சில ரிம்களில் ஈடி இல்லாமல் +45 என்று மட்டும் இருக்கும்.

ஆஃப்செட் எண்ணை மட்டும் பார்த்தா போதுமா?

போதாது. இங்கேதான் பலர் சறுக்குறாங்க.

உங்கள் காரில் இப்போது இருப்பது 6 அங்குல அகலம், ஈடி 45 என்று வைத்துக்கொள்வோம். கடையில் உங்களுக்குப் பிடித்த ரிம் 7 அங்குல அகலம், ஈடி 35.

"ஆஃப்செட்ல 10 மில்லிமீட்டர்தானே வித்தியாசம்" என்று தோன்றும். ஆனால் அகலமும் ஓர் அங்குலம் கூடியிருக்கிறது. 1 அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதில் பாதி வெளியே போகும். பாதி உள்ளே போகும்.

கணக்கு இதுதான்:

• ஹப்பிலிருந்து வெளி விளிம்பு வரை: அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழிக்கவும்.
• ஹப்பிலிருந்து உள் விளிம்பு வரை: அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டவும்.

பழைய ரிம்: வெளியே 76.2 − 45 = 31.2 மி.மீ. உள்ளே 76.2 + 45 = 121.2 மி.மீ.

புதிய ரிம்: வெளியே 88.9 − 35 = 53.9 மி.மீ. உள்ளே 88.9 + 35 = 123.9 மி.மீ.

அதாவது ரிம்மின் வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. நினைத்தது 10, வந்தது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, அதே 7 அங்குல ரிம்மை ஈடி 45-ல் வாங்கினால்? வெளியே 12.7 மில்லிமீட்டர், உள்ளேயும் 12.7 மில்லிமீட்டர் கூடும். வெளியே பிரச்சினை குறையும். உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆக, எல்லாக் காருக்கும் பொருந்தும் 'சரியான' ஆஃப்செட் என்று ஒன்று கிடையாது. உங்கள் காரில் எந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ரிம்மைவிட டயர் சற்றுப் பிதுங்கி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தப்பா போட்டா என்ன ஆகும்?

எண் மிகக் குறைந்தால், சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போதும் பின்னிருக்கையில் ஆட்கள் இருக்கும்போதும் டயர் மட்கார்டில் உரசும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும் உணர்வு வரலாம். சக்கர பேரிங்குகளுக்கும் கூடுதல் சுமை.

எண் மிக அதிகமானால், சக்கரம் உள்ளே போகும். டயரின் உள் சுவர் ஷாக் அப்சார்பரில் உரசலாம். பிரேக் பாகத்தில் ரிம் இடிக்கலாம்.

இரண்டில் இதுதான் அதிக ஆபத்து. வெளியே உரசினால் சத்தம் கேட்கும், கீறல் தெரியும். உள்ளே தேய்வதை நின்று பார்த்தால் தெரியாது. விரைவுச்சாலையில் டயர் வெடிக்கும்போதுதான் தெரியவரும்.

சட்டம் என்ன சொல்லுது?

சிங்கப்பூரில் டயரோ ரிம்மோ மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு இருக்கக்கூடாது.

கார்களுக்கு 3 ஆண்டிலிருந்து 10 ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒரு முறை பரிசோதனை கட்டாயம். 10 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

ஜொகூர் பாருவில் ரிம் மாற்றினாலும், சிங்கப்பூரில் பதிவான காருக்குச் சிங்கப்பூர் விதிமுறைதான். ரிம் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்க. பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வராது.

ஸ்பேசர் போட்டுச் சமாளிக்கலாமா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு. 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் ஈடி 45 ரிம், ஈடி 40 போல நிற்கும்.

ஆனால் ஸ்பேசர் தடிமனாக ஆக, நட்டு பிடிக்க மிச்சமிருக்கும் மரைகள் குறையும். நட்டு முழுதாகப் பிடிக்கவில்லை என்றால் சக்கரமே கழன்றுவிடலாம். சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மை வாங்குவதே நல்லது.

வேறு என்ன பார்க்கணும்?

• நட்டுத் துளைகள்: டொயோட்டா வியோஸ், ஹோண்டா சிட்டி இரண்டுக்கும் 4 × 100. அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் 4 துளைகள்.
• நடுத்துளை: இதே இரண்டு கார்களில் வியோஸுக்கு 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1 மி.மீ. வியோஸ் ரிம் சிட்டியில் ஏறாது. சிட்டி ரிம் வியோஸில் ஏறும், ஆனால் லூசாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்கலாம்.
• நட்டு: ஹோண்டாவின் அசல் நட்டுக்கு உருண்டை முனை. வெளியே விற்கும் ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு முனை நட்டு கேட்கும். பழைய நட்டையே மாட்டினால் சரியாக உட்காராது.
• டயரின் மொத்த உயரம்: 185/60 ஆர் 15 டயரின் விட்டம் 603 மி.மீ. 195/50 ஆர் 16 டயருக்கு ஏறக்குறைய 601 மி.மீ. இப்படி நெருக்கமாக இருந்தால் வேகமானி சரியாகக் காட்டும்.

வாங்குறதுக்கு முன்னாடி

1. இப்போதுள்ள ரிம்மின் அகலத்தையும் ஆஃப்செட்டையும் குறித்துக்கொள்ளுங்க.
2. மேலே உள்ள கணக்கைப் போட்டு, வெளியே எத்தனை, உள்ளே எத்தனை மில்லிமீட்டர் மாறுகிறது என்று பாருங்க.
3. உள்ளேயும் வெளியேயும் இருக்கும் இடைவெளியைக் கடைக்காரரை அளக்கச் சொல்லுங்க.
4. நான்கையும் மாட்டும் முன் ஒரு ரிம்மை டயரோடு மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்க.
5. மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்க.

"உங்க காருக்குப் போகும்" என்று கடையில் சொன்னால், "எத்தனை மில்லிமீட்டர் வெளியே வரும்?" என்று கேளுங்க. அதற்கு எண்ணாகவே பதில் சொல்லும் கடையில் வாங்குங்க.