கிணற்றடி முசுக்கட்டை

பட்டுக்குப் பேர்போன நம்ம காஞ்சிபுரத்துக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. அந்த நூலுக்கு மூலமான முசுக்கட்டைச் செடியை, தறிக்குழியிலேயே ஆயுசைக் கழித்த என் அப்பா ஐம்பது வயது வரை பார்த்ததில்லை. மல்பெரி என்றால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.

1968ல் பெரியப்பா கொள்ளேகால் போய்விட்டு வரும்போது, ஈரச்சாக்கில் சுற்றி ஆறு குச்சிகள் கொண்டுவந்தார். பென்சில் கனம், ஒவ்வொன்றிலும் மூன்று கணு. கிணற்றடியில் நடும் வேலை எனக்கு. முருங்கைப் போத்து மாதிரிதானே என்று, மேல் எது, கீழ் எது என்று பார்க்காமல் மூன்றைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். நேராக நின்ற மூன்றும் துளிர்த்தன. மற்றவை காய்ந்தன.

"பட்டு வரும்னு நட்டா, பட்டுப்போச்சே!" என்று அப்பா சிரித்தார்.

காரணம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மொட்டிலும் இளந்தளிரிலும் ஆக்ஸின் என்ற பொருள் ஊறி, தண்டின் அடியை நோக்கி இறங்குகிறது. வெட்டிய இடத்தில் அது சேரும்போது அங்கே வேர் கிளம்புகிறது. குச்சியைத் தலைகீழாக நட்டாலும் அதற்குத் தன் அடி எதுவென்று மறப்பதில்லை. வளர்ச்சியைத் தூண்டும் பொருளே வேரையும் கிளப்புகிறது என்பதை 1935ல் கலிபோர்னியாவில் தீமன் என்பவரும் கூட்டாளியும் காட்டினார்கள். முசுக்கட்டைக்கு இன்னொரு சௌகரியம்: அதன் பட்டைக்கடியில் கணுவையொட்டி வேர்முனைகள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன.

விதை போட்டால் பிள்ளை தாயைப் போல இருக்காது, இலையும் ஒரே தரத்தில் வராது. அதனால்தான் உழவர்கள் குச்சியை நடுகிறார்கள். 1997ல் மைசூர் ஆராய்ச்சி நிலையம் தந்த வி-1 ரகம் இன்று தென்னாட்டில் பரவி நிற்கிறது. அத்தனையும் ஒரே செடியின் துண்டுகள்தான்.

மைசூர்ச் சீமையில் பட்டு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு சுல்தான். வங்காளத்திலிருந்து புழு வரவழைத்தார். 1890களில் ஜம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானியர் துணையோடு பெங்களூரில் பட்டுப் பண்ணை வைத்தார். நம் சென்னை மாகாணத்துக்கும் ஒரு முசுக்கட்டைச் சீமை இருந்தது. அதுதான் அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கொள்ளேகால். 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது அது மைசூரோடு போயிற்று. நம்மோடு இருந்த செடி ஒரே நாளில் வெளிமாநிலச் செடி ஆனது. பெரியப்பா குச்சி கொண்டுவந்தது அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

அப்பா காலமானபின் தறி நின்றது. 1991ல் வீட்டையும் விற்றோம். சாவியைக் கொடுக்கும் அன்று காலை, மரமாகிவிட்ட அந்த முசுக்கட்டையில் நான்கு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். வாங்கியவர் கிணற்றைத் தூர்த்தார், மரமும் போயிற்று. என் இப்போதைய வீட்டுப் பின்புறம் நிற்பது அதே செடி. அதன் பழத்தைத் தின்று வாயைக் கறுப்பாக்கிக்கொண்டு வருகிறாள் பேத்தி.

குச்சி வேண்டுபவர்கள் மழைக்காலத் துவக்கத்தில் வாருங்கள். மொட்டு மேலே பார்க்கும்படி நடுங்கள்.